களஞ்சியத்துப் பூனையும் காட்டுவெளிப் பறவைகளும்

தானியம் சேரும் இடத்தில் எலி சேரும். எலி சேரும் இடத்தைப் பூனை நாடும். பூனை மனிதனிடம் வந்து சேர்ந்தது இவ்விதமே. ஆட்டையும் மாட்டையும் கட்டிப் பழக்கியது போல எவரும் அதைப் பழக்கவில்லை. ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை என்னும் இனத்திலிருந்து வந்த இப்பிராணி, பல்லாயிரம் வருஷங்களுக்கு முன்னரே பயிர்த்தொழில் செய்த மக்களின் களஞ்சியங்களை அண்டி வாழத் தொடங்கித் தானாகவே வீட்டுப் பிராணியாயிற்று. ஆகவே குதிரும் பத்தாயமும் உள்ள வீட்டில் பூனையொன்று இருப்பது பொருத்தமேயன்றிக் குற்றமாகாது. இங்கே ஆராயப்படுவது வேறொரு பூனை. வீட்டில் பிறந்து, வீட்டாரால் கைவிடப்பட்டு, வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் புதர்க்காட்டிலும் தானே இரை தேடி இனம் பெருக்கும் பூனையே அது.

இவ்வாறு பூனைகள் காட்டுவழிப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் இரக்கமே என்றால் வியப்பாக இருக்கும். வீட்டில் பூனை நான்கு குட்டி போடுகிறது. கொல்ல மனம் வருவதில்லை, வளர்க்கவும் இடமில்லை. குட்டிகளைச் சாக்கிலிட்டு ஊருக்கு வெளியே, அரிசி ஆலை அருகிலோ கோயில் தோப்பிலோ ஏரிக்கரையிலோ விட்டுவிட்டு வருகின்றனர். எங்கேனும் பிழைத்துக் கொள்ளும் என்பது அவர்களுடைய எண்ணம். பல குட்டிகள் பசியாலும் நாயாலும் மடிகின்றன, சில பிழைக்கின்றன. பிழைத்த பெட்டை ஆறு மாதத்துக்குச் சற்று முன்பின்னாகப் பருவமடைந்து, ஏறக்குறைய 63 நாட்கள் சினையாயிருந்து ஈனுகிறது. இரை கிடைக்குமாயின் வருஷத்துக்கு இரண்டு அல்லது மூன்று ஈற்று உண்டு. ஆகையால் ஓர் ஊரின் எல்லையில் கைவிடப்பட்ட இரண்டு மூன்று குட்டிகள் சில வருஷங்களில் ஒரு கூட்டமாவதில் ஆச்சரியமில்லை.

இப்பூனைகளையும் இயற்கையாகவே நம் நாட்டில் வாழும் காட்டுப்பூனையையும் ஒன்றாகக் கருதுதல் கூடாது. காட்டுப்பூனை வீட்டுப்பூனையைவிட உயரமானது, கால்கள் நீண்டவை, வால் குட்டையாய் நுனியில் கருவளையங்களுடன் இருக்கும், மணல் நிற உடம்பில் வரிகள் தெளிவாய் இரா, காது நுனியில் சிறு மயிர்க்கற்றை காணப்படும். நாணற் புதரிலும் கரும்புத் தோட்டத்திலும் தங்கி, பெரும்பாலும் எலிகளையே தின்று வாழும் இந்தப் பிராணி விவசாயிக்கு உதவி செய்வது. 1972 ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பும் இதற்கு உண்டு. கோழி திருடிற்று என்னும் பழியால் வீட்டுப்பூனைக்குரிய தண்டனையை இது அடைவது பல ஊர்களில் நிகழ்கிறது. ஆதலின் கிராம அதிகாரிகள் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் அவசியம்.

பூனை பதுங்கிப் பாயும் ஜந்து. ஓடித் துரத்துவதைக் காட்டிலும், இரை வரும் வழியில் அசையாதிருந்து திடீரெனப் பாய்வதே அதன் வழக்கம். எனவே தரையில் மேய்வனவும் தரையிலேயே முட்டையிடுவனவுமான பறவைகளுக்கு அது மற்றெல்லாவற்றினும் பெரிய அபாயம். கௌதாரி முட்புதரின் அடியில் சிறு குழி பறித்து முட்டையிடுகிறது. காடை புல்லின் நடுவே இடுகிறது. ஆள்காட்டிப் பறவையோ வெட்டவெளியில், கூழாங்கற்களின் இடையே, நான்கு முட்டைகளை வைத்து நான்கு வாரகாலம் மாறி மாறி அடைகாக்கிறது. இவற்றின் குஞ்சுகள் பொரித்தவுடன் நடக்கத் தொடங்கிவிடினும், பறக்கும் வலிமை பெறும்வரை ஒளிந்திருப்பதைத் தவிர அவற்றுக்கு வேறு காப்பில்லை. பூனையின் செவியும் மூக்கும் அந்த ஒளிவிடத்தை எளிதிற் கண்டுகொள்கின்றன. வெல்லெலி என்றோ விருந்துப்பறவை என்றோ பூனை பிரித்துப் பார்ப்பதில்லை. கைக்கு எட்டியதைப் பிடிக்கிறது. தவளை, ஓணான், அரணை, முயற்குட்டி ஆகியவையும் அதற்கு உணவே. கௌதாரியையும் காடையையும் முற்காலத்தில் வலையும் கண்ணியும் வைத்துப் பிடித்தனர். 1972 ஆம் வருஷத்துச் சட்டம் அவ்வேட்டையைத் தடுத்துவிட்டது. மனிதனுக்குத் தடை விதித்த சட்டத்தைப் பூனை அறியாது.

பசித்த பூனைதான் வேட்டையாடும் என்ற கொள்கையும் சரியன்று. வயிறு நிரம்பிய பூனையும் அசையும் பொருளைக் கண்டால் பாயும்; கொன்றதைத் தின்னாமலே விட்டுச் செல்வதும் உண்டு. பிரிட்டனில் 1997 ஆம் வருஷம் ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை ஐந்து மாதங்களில் வளர்ப்புப் பூனைகள் வீட்டுக்குக் கொணர்ந்த இரைகளை ஆராய்ந்தவர்கள், அந்நாடு முழுமைக்கும் அது சுமார் 9 கோடியே 20 லட்சம் ஜந்துக்களாகும் என்றும், அவற்றுள் 2 கோடியே 70 லட்சம் பறவைகள் என்றும் கணக்கிட்டனர். இவை வீட்டில் உணவு பெறும் பூனைகளின் செயல். அமெரிக்க ஐக்கிய நாடுகளைப் பற்றி 2013 இல் வெளியான மதிப்பீடு, வருஷந்தோறும் அங்கே பூனைகளால் மடியும் பறவைகள் 130 கோடி முதல் 400 கோடி வரை என்கிறது. அதில் பெரும்பகுதி சொந்தக்காரர் இல்லாத பூனைகளாலேயே நேர்கிறது. கீழெல்லைக்கும் மேலெல்லைக்கும் இவ்வளவு தூரம் இருப்பதைக் கொண்டு கணக்கை அலட்சியம் செய்தல் தகாது. கீழெல்லையே போதிய அளவு பெரிது.

கண்டங்களில் நடப்பது கண்ணுக்குப் புலப்படாமல் நடக்கிறது. தீவுகளில் அது ஒரு தலைமுறைக்குள் வெளிப்பட்டுவிடும். நியூசிலாந்தில் வட தென் தீவுகளுக்கு இடையிலுள்ள ஜலசந்தியில் ஸ்டீவன்ஸ் தீவு என்றொரு சிறு தீவு உண்டு. அதன் பரப்பு சுமார் 370 ஏக்கர். நம் பக்கத்துப் பெரிய ஏரியொன்றின் ஆயக்கட்டைவிடச் சிறியது. பாறை இடுக்குகளில் எலியைப் போல ஓடித் திரிந்த, பறக்க இயலாத ஒரு சிறு குருவி அங்கே வாழ்ந்தது. 1894 இல் அத்தீவில் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. விளக்குக் காவலர்களுடன் பூனையும் வந்தது. பூனை கொணர்ந்து போட்ட குருவிகளைக் கண்டே உதவிக் காவலர் டேவிட் லயல் என்பவர் அது புதுமையான பறவை என்று உணர்ந்து பாதுகாத்து அனுப்பினார். அப்பறவைக்கு லயல் பெயரே சாஸ்திரப் பெயராயிற்று. பெயரிட்டு முடிப்பதற்குள் பறவை ஏறக்குறைய முடிந்துவிட்டது. 1895 இல் தேடியவர்களுக்கு அது அகப்படுவது அரிதாயிற்று. ஒரே ஒரு பூனை ஓர் இனத்தை அழித்தது என்று இச்செய்தி பலவிடங்களில் கதையாகச் சொல்லப்படுகிறது. பிற்காலத்தில் பழைய ஆவணங்களை ஆராய்ந்தவர்கள், அது ஒற்றைப் பூனையின் வேலையன்று, அதன் குட்டிகளும் பேரக்குட்டிகளும் தீவெங்கும் பரவியே அழிவு நேர்ந்தது என்று காட்டினர். விவசாயிகளுக்கு இந்தத் திருத்தமே கதையைவிடப் பயன் தருவது. ஏனெனில் தீங்கு பூனையில் இல்லை, அதன் பெருக்கத்தில் இருக்கிறது.

இதைவிட விரிவாகத் தெரிந்தது மரியன் தீவின் சரித்திரம். ஆப்பிரிக்காவுக்கும் தென் துருவப் பனிக்கண்டத்துக்கும் இடையே, சுமார் 290 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இத்தீவைத் தென்னாப்பிரிக்கா தனதாக்கிக்கொண்டு வானிலை நிலையம் ஒன்றை அமைத்தது. கப்பல்களில் முற்காலத்திலேயே வந்து குடியேறியிருந்த சுண்டெலிகள் அந்நிலையத்தின் உணவுப் பொருள்களைக் கெடுத்தன. எலிக்குப் பூனை என்னும் உலகறிந்த மருந்தைத் தேடி, 1949 இல் ஐந்து பூனைகளைக் கொண்டு சென்றனர். பூனைகள் கட்டிடத்தில் தங்கவில்லை. தீவின் தரையெங்கும் வளை தோண்டி முட்டையிடும் பெட்ரல் என்னும் கடற்பறவைகள் லட்சக்கணக்கில் இருந்தன. சுண்டெலியைத் தேடி அலைவதைவிட வளையிலிருந்து வெளிவரும் பறவையைப் பிடிப்பது எளிதாயிருந்தது. 1970-களின் நடுவில் பூனைகளின் தொகை இரண்டாயிரத்தைத் தாண்டிற்று. அவை வருஷத்துக்குச் சுமார் 4 லட்சத்து 50 ஆயிரம் பறவைகளைக் கொன்றதாக மதிப்பிடப்பட்டது. நீரில் மூழ்கி இரை தேடும் பெட்ரல் வகையொன்று அத்தீவில் இனம் பெருக்குவதையே விட்டொழிந்தது. ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில், பூனை என்றும் கால் வைக்காத இளவரசர் எட்வர்டு தீவிலோ, அதே பறவைகள் முன்போலவே நிறைந்திருந்தன. தண்ணீரும் காற்றும் குளிரும் இரண்டு தீவுக்கும் ஒன்று. வேறுபட்டது பூனை ஒன்றே.

கொண்டுவருவதற்கு ஒரு கப்பற்பயணம் போதுமாயிருந்தது. ஒழிப்பதற்குப் பதினான்கு வருஷங்கள் பிடித்தன. 1977 இல் பூனைகளுக்கு மட்டும் வரும் ஒரு தொற்றுநோயைத் தீவில் பரப்பினர். அதனால் தொகை வெகுவாகக் குறைந்து 1982 இல் சுமார் அறுநூறாயிற்று. ஆனால் நோய்க்குத் தப்பியவை எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டமையால் அந்த உபாயம் அதற்குமேற் பலிக்கவில்லை. 1986 முதல் வேட்டைக்காரர்கள் குளிரிலும் மழையிலும் இரவுதோறும் விளக்கொளியில் தேடிச் சுட்டனர். பிறகு பொறிகளும் வைத்தனர். 1991 இல் கடைசிப் பூனை அகற்றப்பட்டது. வந்த காரணமான சுண்டெலிகளோ அப்படியே இருந்தன. 2003 இல் அவை ஆல்பட்ராஸ் என்னும் பெரிய கடற்பறவையின் குஞ்சுகளைக் கூட்டிலேயே கடித்துத் தின்பது காணப்பட்டது. வெப்பநிலை உயர்ந்து வந்ததும் எலிகளின் பெருக்கத்துக்கு முக்கிய காரணம் எனப்படுகிறது. எவ்வாறாயினும், ஐந்து பூனைகள் தீர்க்கச் சென்ற எலித்தொல்லை நாற்பத்திரண்டு வருஷப் பூனை ஆட்சிக்குப் பின்னும் தீரவில்லை என்பது நிச்சயம்.

ஆஸ்திரேலியாவில் நிலச்சொந்தக்காரர்களே இத்தவற்றைச் செய்தனர். வேட்டை விளையாட்டுக்காக 1859 இல் விடப்பட்ட முயல்கள் பெருகி மேய்ச்சல் நிலங்களை அழித்தபோது, 1880-களில் பூனைகளை நூற்றுக்கணக்கில் புல்வெளிகளில் அவிழ்த்துவிட்டனர். முயல் ஒழியவில்லை. பூனை கண்டமெங்கும் பரவிற்று. இருபதுக்கு மேற்பட்ட உள்நாட்டுப் பாலூட்டி இனங்கள் மறைந்ததில் அதற்குப் பங்குண்டு. ஆஸ்திரேலியப் பூனைகள் வருஷத்துக்கு 37 கோடியே 70 லட்சம் பறவைகளைக் கொல்கின்றன என்று 2017 இல் வெளியான ஆராய்ச்சி தெரிவிக்கிறது.

இவ்வளவும் கேட்ட விவசாயி, "அப்படியானால் எலிக்கு என்ன வழி?" என்று கேட்பது நியாயமே. பூனை எலியைப் பிடிக்கிறது; அதில் ஐயமில்லை. எந்த எலியை, எவ்விடத்தில் என்பதுதான் கேள்வி. ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த சார்லஸ் எல்டன் என்னும் பிராணி நூலார் இங்கிலாந்துப் பண்ணைகளில் இதை ஆராய்ந்து 1953 இல் வெளியிட்டார். எலி ஏற்கெனவே நிறைந்துவிட்ட பண்ணையைப் பூனைகளால் சுத்தப்படுத்த இயலவில்லை. முதலில் வேறு முறைகளால் எலிகளை ஒழித்துவிட்டால், அதன்பின் கட்டிடங்களைச் சுற்றிச் சிறிது தூரத்துக்குப் புதிய எலி நுழையாமல் பூனைகள் காத்தன. அதற்கும் ஒரு நிபந்தனை இருந்தது. நாள்தோறும் பால் வைத்த பண்ணையில் பூனைகள் வீட்டைவிட்டு அகலாமல் காவல் செய்தன. பட்டினி போட்டால் நன்றாக எலி பிடிக்கும் என்னும் நம் ஊர் வழக்கத்துக்கு இது நேர்மாறானது. பட்டினிப் பூனை குதிரைச் சுற்றி நிற்பதில்லை. இரை எளிதாய்க் கிடைக்கும் வயலுக்கும் புதருக்கும் போய்விடுகிறது.

வளர்ந்த பெரிய எலியைப் பூனை பெரும்பாலும் எதிர்ப்பதில்லை. நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில், எலிகள் நிறைந்த ஒரு கழிவுப்பொருள் கிடங்கில், சொந்தக்காரரற்ற பூனைகளின் நடமாட்டம் 79 நாட்கள் கருவிகளாற் பதிவு செய்யப்பட்டது. பதுங்கித் தொடர்ந்தது 20 தடவை. கொன்றது இரண்டு எலிகள். 2018 இல் வெளிவந்த இச்செய்தி, பெருச்சாளியைக் கண்டு ஒதுங்கும் பூனையைப் பார்த்த எவருக்கும் புதிதாயிராது. வயலில் பூனையின் பயன் இன்னும் குறைவு. நெற்கதிரை அறுத்துச் சென்று வரப்பின் அடியில் ஆழ்ந்த வளைக்குள் சேமித்துவைக்கும் எலியிடம் பூனை செல்ல இயலாது. வளைக்குள்ளே புகுந்து பிடிப்பது சாரைப்பாம்பு. இரவில் வெளிவரும் எலியைக் கவர்வது கூகை என்னும் வெள்ளை ஆந்தை. மூங்கிற் கிட்டி வைப்பதும், வரப்பைக் குறுக்கி வளைகளை வெட்டிவிடுவதும் பூனையை அவிழ்த்துவிடுவதைவிடப் பன்மடங்கு பலன் தரும். வயலில் குறுக்குச் சட்டம் அடித்த கழிகளை நாட்டினால் கூகை வந்து அமரும். கதிர் முற்றும் பருவத்தில் அவற்றை எடுத்துவிடுவது நல்லது, இல்லையேல் பகலில் தானியம் தின்னும் பறவைகளுக்கும் அவை ஆசனமாகிவிடும்.

பூனையையும் எலியையும் ஒருங்கே கருதாமல் ஒன்றை மட்டும் அகற்றுவதும் பிழையாவதுண்டு. நியூசிலாந்தின் லிட்டில் பாரியர் தீவில் 1980 இல் பூனைகள் ஒழிக்கப்பட்டன. ஆனால் அங்கிருந்த குக் பெட்ரல் பறவைகளின் குஞ்சுகள் முன்னிலும் குறைவாகவே பிழைத்தன. பூனைக்கு அஞ்சியிருந்த எலிகள் அச்சம் நீங்கி முட்டையையும் குஞ்சையும் தின்றன. 2004 இல் எலிகளும் ஒழிக்கப்பட்ட பின்னரே நூற்றுக்கு ஒன்பதாயிருந்த குஞ்சுகளின் பிழைப்பு ஐம்பத்தொன்பதாக உயர்ந்தது. ஆகவே இதைப் படித்த ஊரார், நாளையே பூனைகளையெல்லாம் ஒழித்துவிட வேண்டும் என்று புறப்படுவது விரும்பத்தக்கதன்று. விஷம் வைப்பதோ எவ்விதத்திலும் கூடாது. அது பூனையோடு நிற்பதில்லை; நாய், மயில், கூகை யாவும் மடியும். பிராணிகளை வதைப்பது 1960 ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றமுமாகும்.

செய்யத்தக்கவை வேறு. வீட்டுக்கு வேண்டிய ஒன்றிரண்டு பூனைகளுக்கு மேல் வைத்துக்கொள்ளாமல், அவற்றையும் பெருகாதபடி கால்நடை மருத்துவமனையில் கருத்தடை செய்வித்தல் முதன்மையானது. பெட்டைக்கு மட்டுமன்றிக் கடுவனுக்கும் இது நன்று. கருத்தடை செய்த கடுவன் ஊர் சுற்றுவது குறையும். எதிர்பாராது குட்டிகள் பிறந்துவிட்டால், எலித்தொல்லையுள்ள வேறு வீட்டாருக்கோ கடைக்காரருக்கோ கொடுக்கலாமேயன்றி, ஏரிக்கரையில் விடுவது குட்டிக்கும் நன்மையன்று, ஏரிக்கும் நன்மையன்று. ஆலைக்காரரும் நெல் மண்டிக்காரரும் பூனைகளுக்கு உணவிடும்போது, அவற்றின் கருத்தடைக்கும் பொறுப்பேற்பது முறை. ஊர்ச்சாவடியில் இதைப் பேசி ஏற்பாடு செய்யக் கிராம அதிகாரிகள் முன்வந்தால் ஒரே நாளில் பல பூனைகளுக்குச் சிகிச்சை செய்விக்க இயலும்.

உணவு விஷயமும் கவனிக்கத்தக்கது. இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் நடத்தி 2021 இல் வெளியிட்ட சோதனையில், இறைச்சிச் சத்து மிகுந்த உணவு கொடுத்த பூனைகள் வீட்டுக்குக் கொணர்ந்த இரை நூற்றுக்கு 36 பங்கு குறைந்தது. நாள்தோறும் ஐந்து முதல் பத்து நிமிஷம் வரை பூனையோடு விளையாடியதனால் 25 பங்கு குறைந்தது. வெறும் சோறும் மோரும் கலந்து வைத்துவிட்டு மீன் தலையைக் குப்பையில் எறிவதைவிட, அம்மீன் தலையைப் பூனைக்கிடுவதே காவற்கூலி என்று கொள்ளலாம். பூனைக்கு யார் மணி கட்டுவது என்பது பழங்கேள்வி. கட்டியபின் பயனுண்டா என்பதே இப்போதைய கேள்வி. அதே சோதனையில் மணி கட்டியதனால் குறிப்பிடத்தக்க குறைவு காணப்படவில்லை. பதுங்கியிருக்கும் பூனையின் மணி ஒலிப்பதில்லை. பாயும்போது ஒலித்தால் குஞ்சுக்கு அதனால் என்ன ஆகும்?

தானியக் களஞ்சியத்தில் பூனை வைப்போர் மற்றொன்றையும் மறத்தலாகாது. பூனையின் மலத்தின் வழியே பரவும் ஒருவகை நுண்ணுயிர், தீவனத்தோடு கலந்து சினை ஆட்டின் வயிற்றில் சேர்ந்தால் கன்று கலைந்துவிடுதல் உண்டு. கர்ப்பிணிப் பெண்களுக்கும் அது அபாயம். எனவே வைக்கோற்போரின் மேலும் திறந்த தானியக் குவியலின் மேலும் பூனை படுப்பதைத் தடுத்து, ஒரு மூலையில் மணல் தட்டு வைத்துப் பழக்குதல் வேண்டும்.

காலை வெளுக்கும் வேளையிலும் மாலை மங்கும் வேளையிலும் பூனையின் வேட்டை மிகுதி. கௌதாரியும் ஆள்காட்டியும் முட்டையிட்டிருக்கும் மாதங்களில், வீட்டை ஒட்டிப் புதர்நிலமோ தரிசோ உள்ளவர்கள் மாலையிலேயே உணவு வைத்துப் பூனையைக் களஞ்சிய அறைக்குள் விட்டுக் கதவடைத்து, நன்றாய் விடிந்தபின் திறந்துவிடலாம். அறைக்குள்ளிருக்கும் அந்த நேரமே எலி வெளிவரும் நேரமுமாகையால், பூனை வேலையின்றி இராது.